பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு அம்ப் செட் பண்ணுவது எப்படி? மலையகத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெடல் ஸ்டீல் என்பது முன்னால் கிடையாக வைத்து, தந்திகளின் மேல் பார் என்ற உலோகத் துண்டை நகர்த்தி, காலால் பெடல் மிதித்துச் சுரத்தை மாற்றி வாசிக்கும் எலக்ட்ரிக் கருவி. மலையகத்தில் அதை வாசிப்பவர்கள் அதிகம் இல்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பியது, கொழும்பில் பழையதாக வாங்கியது என்று ஆளுக்கொரு வழியில் கைக்கு வந்த கருவிகள்தான் இங்கே இருக்கின்றன. பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் இல்லாததால் சந்தேகங்கள் ஃபோனில் வருகின்றன, பெரும்பாலும் ஓசையைப் பெருக்கித் தரும் அம்ப்பைப் பற்றி. ஒரே கேள்விகள் ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலைச் சேர்த்திருக்கிறேன். பெடல் இல்லாத ஹவாயன் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். அவர்களுக்கென்று தனிக் கேள்வி ஒன்றும் பின்னால் இருக்கிறது.

அண்ணே, சாதாரண கிட்டார் அம்ப்புல போட்டு வாசிச்சா ஆகாதா? இதுக்குன்னு தனி அம்ப் வேணுமா?

வீட்டில் பழக எந்த அம்ப்பும் போதும். மேடைக்கு வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். எலக்ட்ரிக் கிட்டார்காரர்களில் பலர் அம்ப் லேசாகக் கரகரக்கும் எல்லையில் வைத்து வாசிப்பார்கள். அவர்களுக்கு அது அழகு. நாம் இரண்டு மூன்று தந்திகளை ஒன்றாகத் தட்டி, பாரை நகர்த்தி, நடுவில் பெடலால் ஒரு தந்தியை மட்டும் உயர்த்துகிறோம். அம்ப் கொஞ்சம் கரகரத்தாலும் அந்தச் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். ஆகவே சத்தத்தைக் கூட்டும்போதும் சுத்தமாக நிற்கிற அம்ப் வேண்டும்.

ஸ்டீலுக்கென்றே செய்த பீவி நாஷ்வில் 400இல் 210 வோட்ஸும் 15 அங்குல ஸ்பீக்கரும் இருப்பது அதனால்தான். 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப் 85 வோட்ஸ், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஸ்டீல்காரர்கள் நெடுங்காலம் நம்பிய டியூப் அம்ப் அது. வோட்ஸ் இரண்டு மடங்கானாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. எனவே 50 வோட்ஸா 60 வோட்ஸா என்று தலையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ட்ரம்ஸோடு வாசிப்பதென்றால் 80க்கு மேல் பாருங்கள்.

எல்லா நொப்பையும் அஞ்சுல வச்சா நடுநிலைதானே?

அம்ப்பைப் பொறுத்தது. பீவி ஸ்டீல் அம்ப்களில் லோ (அடி ஓசை), மிட் (நடு ஓசை), ஹை (மேல் ஓசை) நொப்களுக்கு நடுவில் பூச்சியம். வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் குறையும். அங்கே நடு என்றால் நடுதான். ஃபெண்டர் வகை அப்படி இல்லை. அதன் டோன் சுற்றால் குறைக்க மட்டுமே முடியும். எல்லாம் 5இல் இருக்கும்போதே நடு ஓசையில், 400 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பேஸையும் (அடி ஓசை) ட்ரபிளையும் (மேல் ஓசை) பூச்சியத்துக்குக் கொண்டுபோய் மிட்டை 10இல் வைத்தால்தான் சமமட்டத்துக்குக் கிட்ட வரும்.

உங்களுடையது எந்த வகை என்று நொப்பைச் சுற்றி அச்சடித்திருப்பதைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். நடுவில் பூச்சியமும் இரு பக்கமும் கூட்டல், கழித்தலும் இருந்தால் முதல் வகை. 0 முதல் 10 வரை ஓடினால் பெரும்பாலும் இரண்டாவது. இது தெரியாமல் இன்னொருவர் சொன்ன எண்களை எழுதி வைத்துக்கொள்வதால் பயனில்லை.

சரி, ஆரம்பிக்கிறதுக்கு ஒரு செட்டிங் சொல்லுங்க.

பீவி வகைக்கு: லோ பூச்சியத்தில், மிட் கழித்தல் 6இல், ஷிஃப்ட் (மிட் எந்த அலைவரிசையில் வேலை செய்வது என்று தேரும் நொப்) 800 ஹேர்ட்ஸில், ஹை பூச்சியத்திலோ ஒரு படி மேலேயோ, பிரசன்ஸ் (உச்ச மேல் ஓசை) பாதிக்குக் கீழே, ரிவேர்ப் (எதிரொலி) 3இல். ஃபெண்டர் வகைக்கு: பேஸ் 3, மிட் 4, ட்ரபிள் 5 அல்லது 6, பிரைட் சுவிட்ச் மூடி, ரிவேர்ப் 3இல்.

இவை புறப்படும் இடங்கள். இங்கிருந்து ஒரு நேரத்தில் ஒரு நொப்பை மட்டும் தொடுங்கள். ஒன்றைக் கூட்டிய கையோடு இன்னொன்றையும் குறைத்தால், மாறிய ஓசைக்குக் காரணம் எது என்று உங்களுக்கே தெரியாது. பிரைட் சுவிட்ச்சை மூடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அது வொலியூம் குறைவாக இருக்கும்போது மேல் ஓசையை நிறையத் தூக்கும், வொலியூம் கூடக் கூட அதன் வேலை குறைந்துகொண்டே போகும். வீட்டில் ஒரு ஓசை, மேடையில் வேறு ஓசை என்ற தொல்லையின் ஒரு பங்கு அந்தச் சுவிட்ச்சிலேயே இருக்கிறது.

வொலியூம் பெடலை எவ்வளவு மிதிக்கணும்? நான் முழுசா மிதிச்சுத்தான் வாசிக்கிறேன்.

இதை ஆறுதலாகச் சொல்கிறேன், அம்ப் செட்டிங்கில் பாதிக் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. வொலியூம் பெடல் என்பது தந்தியை உயர்த்தும் பெடல் அல்ல, கிட்டாருக்கும் அம்ப்புக்கும் நடுவில் போடும் வேறொன்று. ஸ்டீலில் அதன் முக்கிய வேலை, தந்தியின் ஓசை தேயத் தேயக் காலால் மெல்லத் தூக்கிக் கொடுத்துச் சுரத்தை நீட்டுவது. தட்டும் நேரத்தில் பெடல் ஏறக்குறைய பாதியில் இருக்க வேண்டும். மிச்சப் பாதி, நீட்டுவதற்கு வைத்திருக்கும் கையிருப்பு. முழுசாக மிதித்து வாசித்தால் அந்தக் கையிருப்பு போய்விடுகிறது. சுரம் தட்டியவுடன் சாகத் தொடங்கும், அம்ப்பில் ஓசை நிற்கவில்லை என்று பேஸையும் ரிவேர்ப்பையும் கூட்டுவோம், மேலும் குழம்பும்.

ஆகவே அம்ப்பை எப்போதும் பெடல் பாதியில் இருக்கும்போது செட் பண்ணுங்கள். அந்த நிலையில் ஹோலுக்குப் போதுமான சத்தம் வரட்டும். பிறகு எட்டாவது தந்தியைப் பலமாகத் தட்டி, ஓசை தேய்ந்து போகும் வேகத்துக்கே காலை மெல்ல அழுத்திக்கொண்டு போங்கள். சத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கால் பழக நாட்கள் எடுக்கும். பழகியபின் அதே அம்ப் வேறு அம்ப்பாகக் கேட்கும்.

பிரீ கெய்ன், போஸ்ட் கெய்ன்னு ரெண்டு இருக்கு. எதைக் கூட்டுறது?

பிரீ கெய்ன் உள்ளே வரும் சத்தத்தின் அளவு, போஸ்ட் கெய்ன் வெளியே போகும் அளவு. போஸ்ட்டை அடியில் வைத்து, வொலியூம் பெடலை இந்த ஒரு சோதனைக்கு மட்டும் முழுசாக மிதித்து, கீழ்த் தந்திகள் மூன்றைப் பலமாக ஒன்றாகத் தட்டுங்கள். கரகரப்பு தொடங்கும் இடம்வரை பிரீயைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் பின்னுக்கு வாருங்கள். அதற்குப் பிறகு பிரீயைத் தொட வேண்டாம். ஹோல் பெரிதோ சிறிதோ, போஸ்ட்டால் மட்டும் சமாளியுங்கள்.

பிரீயைப் பயந்து பயந்து மிகக் குறைவாக வைப்பவர்களும் உண்டு. அப்போது போஸ்ட்டை மேலே ஏற்ற வேண்டி வரும், இரைச்சலும் கூடவே ஏறும்.

எல்லாரும் மிட்டைக் குறை, மிட்டைக் குறைன்னு சொல்றாங்க. குறைச்சா சத்தம் மெலிஞ்சு போகாதா?

எவ்வளவு குறைக்கிறோம், எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ஈ-9 என்ற வழக்கமான பத்துத் தந்தி டியூனிங்கில் மிக உயர்ந்த தந்தி மூன்றாவது. அதன் திறந்த ஓசை 415 ஹேர்ட்ஸ், 12ஆம் ஃபிரெட்டில் 830, 15ஆம் ஃபிரெட்டில் கிட்டத்தட்ட 990. பாட்டுக்கு நடுவில் நாம் அதிகம் உலாவுவது அந்தப் பக்கம்தான். அந்த வட்டாரத்தில் ஓசை கூடினால் மூக்கடைத்தவர் பாடுவது போல ஒரு தொனி வந்துவிடும். 800 ஹேர்ட்ஸ் என்று பலரும் சொல்லும் எண்ணுக்குக் காரணம் அதுதான்.

உங்கள் கருவிக்கும் ஸ்பீக்கருக்கும் சரியான இடத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். மிட் நொப்பை வேண்டுமென்றே நன்றாகக் கூட்டுங்கள். 10ஆம் ஃபிரெட்டில் பாரை வைத்து மூன்றாம், ஐந்தாம் தந்திகளைச் சேர்த்துத் தட்டிக்கொண்டே ஷிஃப்ட் நொப்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஓசை எல்லாவற்றையும்விட மோசமாகக் கேட்கும். அங்கே ஷிஃப்டை நிறுத்திவிட்டு, மிட்டைக் கழித்தல் பக்கம் கொண்டுவாருங்கள். மோசமான தொனி மறைந்து, தந்தியின் உடல் இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் கையை எடுங்கள். அதையும் தாண்டி மேலும் குறைத்தால்தான் நீங்கள் பயப்படுகிற மெலிவு வரும். தனியாக வாசிக்கும்போது அது இனிமையாகத்தான் கேட்கும். கீபோர்ட்டும் ட்ரம்ஸும் சேர்ந்தவுடன் நீங்கள் வாசிப்பதே தெரியாமல் போகும். ஷிஃப்ட் இல்லாத ஃபெண்டர் வகைகளில் ஏற்கெனவே பள்ளம் விழுந்திருக்கிறது என்று இரண்டாவது கேள்வியில் சொன்னேன். அங்கே மிட்டை மேலும் வெட்டத் தேவையே இருக்காது.

பேஸைக் கூட்டினா ஓசை கனமா இருக்கும்தானே?

ஈ-9இல் ஆக அடித் தந்தி பத்தாவது, அதன் ஓசை 123 ஹேர்ட்ஸ். அதற்குக் கீழே உங்கள் கருவியில் சுரமே இல்லை. அங்கே இருப்பது பாரின் தட்டு, காலின் அதிர்வு, கரண்ட் ஹம் ஆகியவை. பேஸ் நொப்பைத் தூக்கும்போது இவற்றையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். பேஸ் கிட்டார்காரரின் இடத்திலும் போய் நிற்கிறீர்கள். கனம் வேண்டுமென்றால் மிட்டைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் தேடியது அங்கேதான் கிடைக்கும். சீ-6 என்ற இன்னொரு டியூனிங்கில் இரண்டாவது கழுத்தும் உள்ள இரட்டைக் கழுத்துக் கருவி என்றால் கதை வேறு. அதன் அடித் தந்தி 65 ஹேர்ட்ஸ்வரை போகும். இரண்டு கழுத்துக்கும் ஒரே செட்டிங் என்றால் சீ-6இல் அடித் தந்திகள் இரையாத அளவுக்குப் பேஸை வையுங்கள், ஈ-9 தன்னாலே சரியாக இருக்கும்.

மேல் ஃபிரெட்டுக்குப் போனா மூணாவது தந்தி காதைக் குத்துது. ட்ரபிளைக் குறைச்சா எல்லாமே மந்தமாகுது.

ட்ரபிளுக்கு முன்னால் பிரசன்ஸைக் குறையுங்கள். குத்துகிற ஓசை பெரும்பாலும் 2,000 ஹேர்ட்ஸுக்கு மேலே இருப்பது; பிரசன்ஸ் வேலை செய்வதும் அந்த மேல் எல்லையில்தான்.

அடுத்தது கை. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தட்டினால் எந்த அம்ப்பும் குத்தத்தான் செய்யும். கையை மூன்று நான்கு அங்குலம் கழுத்துப் பக்கம் நகர்த்தித் தட்டிப் பாருங்கள், ட்ரபிளை இரண்டு எண் குறைத்த மாதிரி இருக்கும். விரல் பிக்கின் உலோக நுனி தந்தியில் சாய்ந்து பட்டால் உரசல் சத்தம் வரும். நேராகப் படும்படி விரலோடு வளைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் குத்தினால்தான் ட்ரபிளைத் தொட வேண்டும்.

மந்தமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நீண்ட கேபிள் மேல் ஓசையைத் தின்னும். சாதாரண கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபரட் மின் கொள்ளளவு உண்டு, மேல் ஓசை கசிவது அதில்தான். கிட்டாரிலிருந்து பெடலுக்கு ஒன்று, பெடலிலிருந்து அம்ப்புக்கு ஒன்று என்று பத்து மீட்டர் ஓடினால், ட்ரபிளை எவ்வளவு கூட்டினாலும் போனது முழுசாகத் திரும்பாது. கேபிளைக் குறுக்குங்கள், அல்லது பெடலுக்கு முன்னால், கேபிள் ஓசையைத் தின்னாமல் தடுக்கும் ஒரு பஃபர் பெட்டி போடுங்கள்.

வீட்டுல நல்லா இருந்தது, ஹோலுக்குப் போனா அதே செட்டிங் வேற மாதிரி கேட்குது. ஏன்?

காதின் இயல்பு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடி ஓசை சரியாகக் கேட்காது. சத்தம் கூடும்போது கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டார்கள். லயத்து வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளை தூங்குகிறதே என்று மெதுவாக வைத்து வாசிக்கும்போது, போதாத பேஸை நொப்பால் ஈடுகட்டுகிறோம். அதே நொப்போடு ஹோலில் சத்தத்தைக் கூட்டினால் பேஸ் இரண்டு பங்காக வந்து விழும்.

செட்டிங்கை மேடைச் சத்தத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அதற்கு இடமில்லை என்றால், தோட்டத்து வாசகசாலையோ பாடசாலை மண்டபமோ ஒரு மத்தியானம் கேட்டு வாங்கி, இசைக்குழு முழுவதும் வாசிக்கும் சத்தத்தில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அந்த ஒரு மத்தியானத்தில் தெரிகிற அளவு வீட்டில் பல மாதம் திருகினாலும் தெரியாது.

அம்ப்பை எங்க வைக்கிறது? நான் காலடியில வச்சிருக்கேன்.

காலடியில் இருந்தால் ஸ்பீக்கர் உங்கள் முழங்காலுக்கு வாசிக்கும், காதுக்கு வராது. மேல் ஓசை ஸ்பீக்கரின் நேர் முன்னால் ஒடுங்கிப் பாயும் இயல்புள்ளது. நீங்கள் அதன் வழியில் இல்லாததால் மந்தம் என்று நினைத்து ட்ரபிளைக் கூட்டுவீர்கள். முன்வரிசையில் இருப்பவர்தான் பாவம். அம்ப்பை உங்களுக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி, பின்னுக்குச் சாய்த்தோ கதிரையில் ஏற்றியோ வையுங்கள். தரையில் வைத்தால் பேஸ் கூடும், சுவர் மூலையில் வைத்தால் இன்னும் கூடும். பலகை மேடை என்றால் கட்டாயம் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மேடையே சேர்ந்து அதிரும்.

ரிவேர்ப் எவ்வளவு வைக்கலாம்? நான் அதிகமா சேர்ச்சுலதான் வாசிக்கிறேன்.

கட்டிடம் தராததை மட்டும் நொப் தரட்டும். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் மாதிரியான பழைய தோட்டத்துத் தேவாலயங்களில் சுவரே ஓசையைத் திருப்பிக் கொடுக்கும். அங்கே ரிவேர்ப்பை 1க்கு மேல் கூட்டத் தேவையில்லை, சில இடங்களில் பூச்சியமே போதும். ஆட்கள் வருவதற்கு முன் கேட்கிற ஓசையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாங்குகள் நிறைந்தபின் உடுப்பும் உடம்பும் எதிரொலியில் ஒரு பங்கைக் குடித்துவிடும். நத்தார் கரோல் அன்று எல்லோரும் கம்பளிச் சட்டையோடு வந்திருந்தால் இன்னும் குறையும், அப்போது ஒரு எண் ஏற்றலாம்.

பந்தலிலும் திறந்த வெளியிலும் எதிரொலி இல்லை. அங்கே 4வரை போகலாம். டிலே (ஓசையைச் சற்றுப் பிந்தித் திருப்பித் தரும் கருவி) வைத்திருப்பவர்கள் 350 மில்லி செக்கன் அளவில், ஒரே ஒரு திரும்பல், அதுவும் கேட்டும் கேட்காத அளவில் வையுங்கள். ரிவேர்ப்பையும் டிலேயையும் இரண்டையுமே தாராளமாக வைத்தால் பெடல் அசைவின் அழகு கரைந்துபோகும். அதற்காகத்தானே இந்தக் கருவியையே வாங்கினோம்.

தகரக் கூரை ஹோல்ல வாசிக்கும்போது மழை பிடிச்சா ஒண்ணுமே கேட்க மாட்டேங்குது. என்ன செய்றது?

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரையும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் மார்கழி, தையிலும் வாசிப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். தகரத்தில் விழும் மழை எல்லா அலைவரிசையையும் ஒன்றாக நிரப்பிவிடும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நீங்களும் கூரையும் போட்டி போடுவதுதான் மிச்சம்.

அந்த நேரத்தில் வெட்டி வைத்த மிட்டைத் திருப்பிக் கொடுங்கள். கழித்தல் 6 இருந்தால் கழித்தல் 2க்கு வாருங்கள். சாதாரண நாளில் மூக்கடைத்த மாதிரி கேட்கும் அதே ஓசைதான் இரைச்சலை ஊடுருவி வரும். ரிவேர்ப்பை முழுசாக மூடுங்கள், பேஸை ஒரு எண் இறக்குங்கள். மூன்று தந்திக் கோர்வைகளை விட்டுவிட்டு இரண்டு தந்திகளில் வாசியுங்கள். மழை விட்டதும் மறக்காமல் பழைய இடத்துக்குத் திரும்புங்கள். அடையாளத்துக்கு நொப்பின் பக்கத்தில் வெள்ளை டேப் ஒட்டி ஒரு கோடு போட்டு வைத்தால் இருட்டிலும் தெரியும்.

இடி மின்னல் இருந்தால் வாசிப்பதை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடிமழை மலையில் கடுமை. சுவிட்ச்சை மூடினால் போதாது, கழற்றத்தான் வேண்டும்.

அம்ப் இல்ல. கீபோர்ட் அம்ப்புலயோ மிக்ஸர்லயோ நேரா குத்தலாமா?

கீபோர்ட் அம்ப்பில் குத்தலாம். அது சுத்தமாக, வோட்ஸும் தாராளமாக இருக்கும். ஆனால் அதில் மேல் ஓசைக்கென்று ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் தானாகவே ஓசையைக் கைவிட்டுவிடும், ட்வீட்டர் விடாது. பாரின் ஒவ்வொரு உரசலும் ஹோலுக்குக் கேட்கும். ட்வீட்டரை மூடும் சுவிட்ச் இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் ஹையை நன்றாகக் குறையுங்கள்.

மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேரே குத்த வேண்டாம். தந்தியின் அதிர்வை மின்னோசையாக மாற்றும் பிக்அப்புக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் இன்புட் தேவை. லைன் இன்புட்டில் இருப்பது பெரும்பாலும் சில பத்து கிலோ ஓம். பிக்அப் மூச்சுத் திணறி ஓசை செத்துப்போகும். நடுவில் இரண்டையும் பொருத்தித் தரும் ஒரு டீஐ பெட்டி போட்டால் சரி.

ஹம் சத்தம் நிக்கவே மாட்டேங்குது. அம்ப் பழுதா?

கிட்டார் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் அப்படியே இருந்தால் அம்ப் அல்லது கரண்ட். நின்றுவிட்டால் கிட்டார், கேபிள், அல்லது சுற்றியிருப்பவை. ஒற்றைச் சுருள் பிக்அப் என்றால் டியூப் லைட்டும் மேடை விளக்கின் டிம்மரும் ஹம்மை அள்ளிக் கொடுக்கும். ஸ்டீலைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள், ஒரு கோணத்தில் சட்டென்று குறையும். அந்தக் கோணத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.

தந்தியைத் தொட்டால் ஹம் நிற்கிறது, மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கிறது என்றால் அது அம்ப் விஷயமே அல்ல. எர்த் இல்லை, அல்லது அம்ப்பும் மிக்ஸரும் வேறு வேறு இடத்தில் கரண்ட் எடுக்கின்றன. இரண்டையும் ஒரே பிளக் பேஸுக்குக் கொண்டுவாருங்கள். ஹம் குறையும் என்று யாராவது எர்த் வயரை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய கட்டிடங்களில் எர்த்தே இல்லாத பிளக் பேஸ்கள் இன்னும் இருக்கின்றன. வயரிங்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லிவிட்டு வாசிப்பது உயிருக்கு நல்லது.

அமெரிக்காவுல இருந்து வந்த அம்ப். டிரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் ஓட்டுறேன், ஆனாலும் ரொம்பச் சூடாகுது.

இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை இறக்கும், 50 ஹேர்ட்ஸை மாற்றாது. 60க்கு மட்டும் செய்த அம்ப் டிரான்ஸ்ஃபோமர் 50இல் கூடுதலாகச் சூடாகும். பின்னால் உள்ள தகட்டில் 50/60 என்று இருந்தால் பயமில்லை. 60 மட்டும் இருந்தால் காற்றோட்டம் கொடுங்கள், இடைவேளையில் அணைத்து வையுங்கள். ஸ்டெப் டவுன் வாங்கும்போது அந்தத் தகட்டில் உள்ள வோட்ஸைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் வாங்குங்கள்.

இன்னொன்று: பின்னேரம் எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் எரியும் நேரத்தில் தோட்டத்து லைனில் வோல்ட் இறங்குவதுண்டு. காலையில் சுத்தமாக இருந்த அம்ப் இரவில் சீக்கிரமே கரகரக்கிறது என்றால் முதலில் மல்ட்டி மீட்டரால் பிளக் பேஸை அளந்து பாருங்கள், நொப்பைத் திருகுவது அப்புறம்.

நொப்பைத் திருப்பினாலே கரகரன்னு சத்தம். வாங்கும்போது இல்லையே?

நுவரெலியா மூடுபனியில் எந்த நொப்பும் ஒரு நாள் கரகரக்கும். அணைத்துவிட்டு, கொன்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை பல தடவை திருப்புங்கள். வொலியூம் பெடலுக்குள் இருப்பதும் அதே மாதிரிப் பொருள்தான், அதுதான் எல்லாவற்றுக்கும் முந்தித் தேயும். குளிரில் வேனில் வந்த அம்ப்பை ஆட்கள் நிறைந்த ஹோலுக்குள் கொண்டுவந்தவுடன் போடாதீர்கள். உள்ளே ஈரம் படியும், அரை மணி நேரம் திறந்து வையுங்கள். ஸ்டீலையும் அதே நேரம் உள்ளே வைத்திருந்து பிறகு டியூன் பண்ணுங்கள்.

தமிழ்ப் பாட்டு வாசிக்க வேற செட்டிங் வைக்கணுமா?

நான் வைப்பேன். பெடல் ஸ்டீலின் தனி ஓசை பரவியது 1954இல் வெளிவந்த, பட் ஐசக்ஸ் வாசித்த ஒரு நாஷ்வில் பதிவிலிருந்து: ஒரு தந்தி நிற்க, இன்னொன்று பெடலால் நகர்ந்து அதோடு சேரும். அந்த ஓசை பாடகரின் பின்னால் நிற்கும் ஓசை. மிட்டை வெட்டுவது அதற்குப் பொருந்தும். நம் பாட்டில் ஸ்டீல் பல நேரம் பாடகரின் இடத்திலேயே நின்று, பல்லவியை ஒற்றைத் தந்தியில் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. ஒற்றைக் குரலுக்கு உடல் வேண்டும். ஆகவே மிட்டை இரண்டு படி திருப்பிக் கொடுப்பேன், ட்ரபிளைக் கொஞ்சம் இறக்குவேன்.

ரிவேர்ப்பையும் குறைப்பேன். கமகத்தில் பார் போகிற வழி முழுவதும் சுரம்தான். முந்தின சுரத்தின் எதிரொலி மேலே விழுந்தால் அந்த வழி தெரியாது. டிலேயைத் தொடவே மாட்டேன்.

என்கிட்ட பெடல் இல்லாத ஆறு தந்தி ஹவாயன் கிட்டார்தான். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பெரும்பாலும். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு 1880களில் தந்தியின் மேல் உலோகத்தை வைத்து இழுத்த அந்த முறைதான் இரண்டு கருவிக்கும் தாய். ஆறு தந்தி சீ-6 டியூனிங் என்றால் உங்கள் அடித் தந்தி 130 ஹேர்ட்ஸ், மேல் தந்தி 330. எனவே பேஸைப் பற்றிச் சொன்னது உங்களுக்கும் அப்படியே. மேல் எல்லை பெடல் ஸ்டீலைவிடத் தாழ்ந்தது என்பதால் மிட்டை அவ்வளவு குறைக்க வேண்டாம், கழித்தல் 2, 3 போதும். வொலியூம் பெடல் கட்டாயமில்லை, ஆனால் ஒன்றை வாங்கிப் பழகினால் சுரம் நீளும்.

பெரிய ஆளுங்க செட்டிங்கைப் பார்த்து அப்படியே வச்சேன். அதே அம்ப்தான். ஏன் அந்த ஓசை வரல?

அந்த எண்கள் அவருடைய கைக்கும் பிக்அப்புக்கும் அன்றைய ஹோலுக்கும் கண்டுபிடித்தவை. பாரை அவர் எவ்வளவு அழுத்துகிறார், பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தள்ளித் தட்டுகிறார், கால் எங்கே நிற்கிறது என்பது எதுவும் நொப்பில் எழுதியிருக்காது. பதிவு என்றால் மைக்கும் மிக்ஸரும் வேறு சேர்ந்திருக்கும். பார் அழுத்தத்தை மட்டும் சோதித்துப் பாருங்கள். லேசாகப் பிடித்தால் தந்தி பாரோடு உரசி மெல்லிய இரைச்சல் வரும், சுரம் சீக்கிரம் தேயும். அதன் எடை முழுவதும் தந்தியில் இறங்கும்படி விட்டு, பின்னால் இரண்டு விரல்களால் தந்தியை அணைத்துக்கொண்டால் ஓசை உருண்டு வரும். அதை எந்த நொப்பாலும் செய்ய முடியாது.

ஆனாலும் எண்களைப் பார்ப்பது வீண் இல்லை. ஒருவர் எதைக் கூட்டுகிறார் என்பதைவிட எதைத் தொடாமல் விடுகிறார் என்று பாருங்கள். அதில் படிக்க நிறைய இருக்கிறது.

நான் சரியா செட் பண்ணினாலும் சவுண்ட்காரர் மிக்ஸர்ல மாத்திடுறார். வெளிய உள்ளவங்களுக்கு வேற மாதிரி கேட்குதாம்.

மைக்கை எங்கே வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஸ்பீக்கரின் நடு உச்சிக்கு நேரே வைத்தால் கூர்மை கூடும். விளிம்புப் பக்கம் நகர்த்தினால் தணியும். ஒரு விரற்கடை நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும், மிக்ஸரில் திருகுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். பிறகு அவருடைய சனலில் எல்லா டோனையும் நடுவில் வைத்துத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் 800இல் வெட்டியதை அவர் தெரியாமல் திரும்பவும் கூட்டினால் இருவர் வேலையும் வீண்.

பெடலை நீங்கள் மெல்ல அழுத்தும்போது அவர் ஃபேடரை (மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளு நொப்பை) பின்னுக்கு இழுப்பதும் அடிக்கடி நடக்கிறது. சத்தம் கூடுகிறது என்று நினைத்துத்தான் செய்கிறார். காலால் சத்தத்தைப் பிடிப்பது நான்தான், ஃபேடரை ஓரிடத்தில் விடுங்கள் அண்ணே என்று ஆரம்பத்திலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் சவுண்ட் செக்கில் வேறு யாரையாவது ஸ்டீலில் ஒரு சுரம் தட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹோலின் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேளுங்கள்.